கடன் கேட்கும் வியாபாரியை நம்பலாமா? அதையே தொழிலாக்கிய லூயிஸ் டாப்பன் யார்?

கம்பெனி பெயரில் ஆப்பிள் ஆப் ஸ்டோரில் ஓர் ஆப் வெளியிட விண்ணப்பித்திருக்கிறீர்களா? நடுவில் ஓர் இடத்தில் 9 இலக்க எண் ஒன்றைக் கேட்பார்கள். அதற்கு டன்ஸ் நம்பர் என்று பெயர். பான் இருக்கு, ஜிஎஸ்டி இருக்கு, இது என்ன புதுசா என்று பலரும் முழிக்கும் இடம் அது. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம், உலகம் முழுக்க உள்ள கம்பெனிகளுக்குக் கொடுக்கும் அடையாள எண் அது.

பிசினஸ் கிரெடிட் கார்டு கேட்டுப் போனாலும் கிட்டத்தட்ட இதே அனுபவம்தான். கடைக்கு வந்து சரக்கைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் ஓனரின் சிபில் ஸ்கோரைப் பார்க்கிறார்கள். கம்பெனி பெயரில் கடன் இருந்தால் அதன் ரிப்போர்ட்டையும் எடுக்கிறார்கள். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர், எங்கோ இருக்கும் பதிவை வைத்து உங்களை நம்பலாமா என்று முடிவு செய்கிறார்.

இந்த ஏற்பாட்டைச் சந்தா கட்டி வாங்கும் ஒரு சேவையாக 1841-ல் நியூயார்க்கில் நடத்திக் காட்டியவர் லூயிஸ் டாப்பன். வங்கிக்காரர் அல்ல, பட்டுக் கடைக்காரர். அடிமை முறையை எதிர்த்ததற்காக வீட்டுச் சாமான்கள் நடுத்தெருவில் எரிக்கப்பட்டவர். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டால், ஆமாம், ஒரே ஆள்தான்.

மளிகைக் கணக்கும் பைபிளும்

1788 மே 23. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார் லூயிஸ். அப்பா பெஞ்சமின் டாப்பன் கடை வைத்திருந்தார். அம்மா சாரா கடும் பக்தி. விடிந்தால் ஜெபம், பொழுது போனால் ஜெபம், நடுவில் கடை. மனிதர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கணக்கு எழுதப்படுகிறது என்று நம்பிய கால்வினியக் கிறிஸ்தவக் குடும்பம் அது.

பதின்ம வயதிலேயே பாஸ்டனுக்கு அனுப்பி, ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கேயே சொந்த வியாபாரம் தொடங்கி, நன்றாகச் சம்பாதித்து, 1813-ல் சூசன்னா ஆஸ்பின்வாலைத் திருமணம் செய்துகொண்டார். கொஞ்ச காலம் தாராளப் போக்குள்ள யூனிடேரியன் பிரிவுக்குப் போய், 1820-களின் கடைசியில் பழைய நம்பிக்கைக்கே திரும்பினார். அதே காலகட்டத்தில் உற்பத்தித் தொழில்களில் போட்ட பணம் கையைக் கடித்தது. கடனில் மாட்டினார்.

கைதூக்கிவிட்டவர் அண்ணன் ஆர்தர் டாப்பன். நியூயார்க்கில் பட்டு இறக்குமதி செய்து மொத்தமாக விற்பவர். பேரம் கிடையாது, ஒரே விலை. லாபம் குறைவு, விற்பனை அதிகம். கடை ஊழியர்கள் ராத்திரி 10 மணிக்குள் தங்குமிடம் திரும்ப வேண்டும், நாடகக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, ஜெபத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருந்த முதலாளி. 1820-களின் இறுதியில் லூயிஸ் அந்தக் கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற தலைவலி அவர் தலையில் விழுந்தது.

அப்போது கடன் எப்படி நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கணும். இல்லாவிட்டால் லூயிஸ் கண்டுபிடித்தது என்ன என்பதே பிடிபடாது.

ஒஹாயோவிலோ இண்டியானாவிலோ ஒரு சிற்றூர்க் கடைக்காரர் என்று வையுங்கள். வருடத்தில் இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், சரக்கு எடுக்க நியூயார்க் வருவார். படகு, குதிரை வண்டி என்று பல நாள் பயணம். கையில் முழுப் பணம் இருக்காது. துணி, தேயிலை, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் 6 மாதத் தவணையில் எடுத்துக்கொண்டு, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஊரில் விவசாயிகள் அறுவடை முடிந்து அவருக்குப் பணம் கொடுத்தால்தான் அவர் நியூயார்க்குக்குப் பணம் அனுப்ப முடியும்.

நியூயார்க் வியாபாரிக்கு இவர் யாரென்றே தெரியாது. அதனால் கடைக்காரர் ஒரு கடிதம் கொண்டுவருவார். சொந்த ஊர்ப் பாதிரியாரோ வக்கீலோ, இவர் நல்லவர், நாணயமானவர் என்று எழுதிக் கொடுத்த கடிதம். நம்ம ஊரில் தெரிஞ்சவர் சொன்னா சரி என்று சரக்கு கொடுப்போமே, அதே முறைதான். சிக்கல் என்னவென்றால், கேட்கிறவரே கொண்டுவரும் கடிதத்தில் கெட்டது எப்படி இருக்கும்? அவருக்கு ஊரில் ஏற்கெனவே எவ்வளவு கடன், குடிப்பாரா, போன வருடம் மஞ்சக் கடுதாசி கொடுத்தாரா என்பதையெல்லாம் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பெரிய வியாபாரிகள் சிலர் சொந்தமாக ஆள் அனுப்பி ஊர் ஊராக விசாரித்தார்கள். சின்ன வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. லூயிஸ் தன் கடைக்காக இந்தத் தகவல்களை மெல்லச் சேர்க்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு கூடுதல் வசதி இருந்தது. அடிமை ஒழிப்புப் போராட்டத்தில் இருந்ததால், ஊருக்கு ஊர் நம்பிக்கையான வக்கீல்களையும் பாதிரியார்களையும் தெரிந்து வைத்திருந்தார்.

எரிந்த வீடு

1833 டிசம்பரில் பிலடெல்பியாவில் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆர்தர் அதன் தலைவர். லூயிஸ் ஓடியாடி வேலை செய்யும் முக்கியப் புள்ளி. நியூயார்க் அப்போது அடிமை முறை ஒழிக்கப்பட்ட மாநிலம்தான். ஆனால் நகரத்தின் வியாபாரம், அடிமைகள் விளைவித்த தென்மாநிலப் பருத்தியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

1834 ஜூலையில் கலவரம் வெடித்தது. ரோஸ் தெருவில் இருந்த லூயிஸின் வீட்டுக்குள் கும்பல் புகுந்தது. கதவு, ஜன்னல் உடைந்தது. நாற்காலி, மெத்தை எல்லாம் தெருவுக்கு வந்து நெருப்பில் போனது. குடும்பம் அன்றிரவு வீட்டில் இல்லாததால் உயிர் தப்பியது. லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கோடைக்காலம் முழுக்க வீட்டைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும், அதுவே பிரசாரமாக இருக்கட்டும் என்று.

தென்மாநில வாடிக்கையாளர்கள் டாப்பன் கடையைப் புறக்கணித்தார்கள். ஆர்தரைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று தெற்கில் அறிவிப்புகள்கூட வந்தன. 1835 டிசம்பர் 16 இரவு நியூயார்க்கைச் சாம்பலாக்கிய பெருந்தீயில் கடையும் போனது. அதிலிருந்தும் எழுந்தார்கள்.

1837: நம்பிக் கொடுத்த கடன்

ஆனால் 1837 மே மாதம் தப்ப முடியவில்லை. அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி. நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம், வெள்ளி தருவதை நிறுத்தின. கிராமத்துக் கடைக்காரர்கள் கொடுத்திருந்த புரோநோட்டுகள் வெறும் காகிதமாகின. அவர்களிடம் பணம் வராததால், 10 லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்திருந்த ஆர்தர் டாப்பன் கம்பெனி, கடனைத் திருப்பித் தர முடியவில்லை என்று அறிவித்தது. பிறகு படிப்படியாக அடைத்தார்கள். ஆனால் பழைய நிலைமை திரும்பவே இல்லை.

இதில் ஒரு வேதனையான பாடம் இருந்தது. ஆர்தர் தொடக்கத்தில் ரொக்கத்துக்கும் குறுகிய தவணைக்கும் விற்றுத்தான் வளர்ந்தார். போட்டியில் மற்றவர்களைப் போல நீண்ட தவணை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் மாட்டினார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்த கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை லூயிஸ் தினமும் பேரேட்டில் பார்த்தார்.

நடுவில் வந்த கப்பல்

கிரெடிட் ரிப்போர்ட் கதைக்குள் கப்பல் எங்கே வந்தது என்று தோன்றும். ஆனால் லூயிஸ் டாப்பனை இன்று உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

1839 கோடையில், கியூபா அருகே லா அமிஸ்டாட் என்ற ஸ்பானியக் கப்பலில், ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள் கிளர்ச்சி செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். ஊருக்குத் திரும்ப நினைத்தவர்களை, உயிரோடு விடப்பட்ட ஸ்பானியர்கள் ஏமாற்றி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களை கனெக்டிகட் மாநிலத்தில் சிறையில் அடைத்தார்கள். கொலைக் குற்றவாளிகளா, யாரோ ஒருவரின் சொத்தா, சுதந்திர மனிதர்களா என்பதுதான் வழக்கு.

லூயிஸ் களத்தில் இறங்கினார். ஒரு குழு அமைத்து, பத்திரிகைகள் வழியாக நிதி திரட்டினார். வக்கீல் வைத்தார். சிறைக்கே போய்ப் பார்த்தார். அவர்கள் பேசியது மெண்டே மொழி. அது யாருக்கும் புரியவில்லை. யேல் பேராசிரியர் கிப்ஸ் அவர்களிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்றுக்கொண்டு, துறைமுகத்தில் அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்து, மெண்டே தெரிந்த ஜேம்ஸ் கோவி என்ற மாலுமியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் அவர்கள் தரப்பு வெளியே வந்தது. உச்ச நீதிமன்றத்தில் முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் வாதாட, 1841 மார்ச் 9 அன்று அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பு வந்தது. எஞ்சியிருந்த 35 பேரும் அந்த ஆண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

தீர்ப்பு வந்து சில மாதங்களே ஆன நிலையில், 53 வயதில், அண்ணனின் நொடிந்த கடையை விட்டு வெளியே வந்து, லூயிஸ் தன் புதுத் தொழிலைத் தொடங்கினார்.

மெர்கண்டைல் ஏஜென்சி

1841 கோடையில் நியூயார்க்கில் திறந்த அலுவலகத்துக்கு மெர்கண்டைல் ஏஜென்சி என்று பெயர். ஐடியா எளிமையானது. மொத்த வியாபாரிகள் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். எவ்வளவு விற்பனையோ அதற்கேற்ற சந்தா. பதிலுக்கு, எந்த ஊர்க் கடைக்காரர் கடன் கேட்டு வந்தாலும் அவரைப் பற்றி ஏஜென்சியில் விசாரித்துக்கொள்ளலாம்.

தகவல் எங்கிருந்து வரும்? ஊர் ஊராக இருந்த தகவலாளர்களிடமிருந்து. பெரும்பாலும் வக்கீல்கள். சம்பளம் கிடையாது. ஆனால் அந்த ஊரில் யாராவது கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், வசூல் வழக்கு அவர்களுக்குத்தான் வரும். வழக்கு வருமே என்ற ஆசையில் வக்கீல் சும்மாவே தகவல் அனுப்புவார். செலவில்லாமல் நாடு முழுக்க ஆள் வைத்த புத்திசாலித்தனம் இது. இல்லினாயில் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் இப்படித் தகவல் அனுப்பியவர்களில் ஒருவர் என்பது அந்த நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, சரக்கு எடுக்கும் சீசனுக்கு முன்பு ரிப்போர்ட்டுகள் வரும். குமாஸ்தாக்கள் அவற்றைத் தடித்த பேரேடுகளில் எழுதுவார்கள். வயது என்ன, எத்தனை வருடமாக வியாபாரம், சொத்து எவ்வளவு, திருமணமானவரா, குடிப்பழக்கம் உண்டா, சூதாடுவாரா, முன்பு நொடித்துப் போயிருக்கிறாரா. லாப நஷ்டக் கணக்கைவிட ஆள் எப்படி என்பதுதான் முக்கியம். நார்தாம்ப்டன் வீட்டில் மேலே எழுதப்படுவதாகச் சொல்லிக்கொடுத்த கணக்கு, இப்போது நியூயார்க்கில் கீழே எழுதப்பட்டது.

சந்தாதாரர் நேரில் வந்து கேட்டால் குமாஸ்தா பேரேட்டைத் திறந்து வாசித்துக் காட்டுவார். எழுதித் தர மாட்டார்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சந்தாதாரர் உறுதி தர வேண்டும். தகவல் அனுப்பியவர் யார் என்பது பரம ரகசியம். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டவே மாட்டார்கள்.

உளவு வேலை என்று பத்திரிகைகள் திட்டின. அடிமை எதிர்ப்பாளர் நாடு முழுக்க ஒற்றர் வைக்கிறார் என்று தென்மாநிலத்தவர் கொதித்தார்கள். ஆனாலும் கூட்டம் வந்தது. 1837-ல் சூடுபட்ட வியாபாரிகளுக்கு இது தேவைப்பட்டது. 1843-ல் பாஸ்டன், பிறகு பிலடெல்பியா, பால்டிமோர் என்று கிளைகள் வந்தன. சின்னக் கடைக்காரருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. நியூயார்க்கில் மாமன் மச்சான் யாரும் இல்லாத நேர்மையான ஆளுக்கு, பேரேட்டில் இருந்த நல்ல வரி ஒன்று கதவைத் திறந்துவிட்டது.

தப்பாக எழுதினால் என்ன ஆகும்?

ஒஹாயோவின் நார்வாக் ஊரில் பியர்ட்ஸ்லி சகோதரர்கள் கடை நடத்தினார்கள். 1848-ல் ஏஜென்சிக்கு வந்த தகவல், ஜான் பியர்ட்ஸ்லியின் மனைவி விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்கப் போகிறார், சொத்தை அவர் கைமாற்றிவிட்டார் என்ற ரீதியில் இருந்தது. நியூயார்க்கில் கடன் கதவு மூடியது. விஷயம் எப்படியோ சகோதரர்கள் காதுக்கு எட்டியதும், லூயிஸ் டாப்பன் மீது அவதூறு வழக்குப் போட்டார்கள்.

நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வி, நார்வாக்கிலிருந்து எழுதியது யார் என்பதுதான். லூயிஸுக்குப் பின் ஏஜென்சியை நடத்திய பெஞ்சமின் டக்ளஸ், பெயரைச் சொல்வதைவிட ஜெயிலுக்குப் போவதே மேல் என்று போனார். 1851-ல் 10,000 டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் இழுத்து இழுத்து, 1870-ல் உச்ச நீதிமன்றம் சாட்சியங்கள் தொடர்பான காரணங்களுக்காக அதை ரத்து செய்தது. ஒரு வரித் தகவலுக்கு 20 வருடத்துக்கும் மேல் வழக்கு. இடைப்பட்ட காலத்தில், நியாயமான தேவை உள்ள சந்தாதாரரிடம் ரகசியமாகச் சொன்ன தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற நிலைப்பாட்டை அமெரிக்க நீதிமன்றங்கள் மெல்ல எடுத்தன. ஏஜென்சிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. கடைக்காரருக்கு?

பேரேடுகளில் இன்னொரு பிரச்னையும் இருந்தது. எழுதியவர்களின் மனசும் சேர்ந்தே பதிவானது. யூத வியாபாரிகளைப் பற்றி, யூதர் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகத்தோடு எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம். தோல் நிறத்தை வைத்து மனிதரை எடைபோடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் போராடியவர் தொடங்கிய நிறுவனம் இது. ரகசியமாக ஒரு தனி ஆள் எழுதி, இன்னொருவர் வாசித்து, சம்பந்தப்பட்டவர் பதில் சொல்லவே முடியாத ஒரு முறையில் இது நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தியாவுக்கு இந்தக் கதையோடு நேரடித் தொடர்பு உண்டு. 2000-ல் சிபில் நிறுவப்பட்டபோது அதில் பங்கு வைத்திருந்தவர்களில் ஸ்டேட் பேங்க், ஹெச்டிஎஃப்சி, டிரான்ஸ்யூனியன் ஆகியவற்றோடு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் இந்தியப் பிரிவும் ஒன்று. இன்று சிறு நிறுவனங்களுக்கு சிபில் 1 முதல் 10 வரை ரேங்க் போடுகிறது. தனிநபர் ஸ்கோருக்குத் தலைகீழ் இது. 1 என்றால் சிறப்பு, 10 என்றால் ரிஸ்க் அதிகம். பெரிய வித்தியாசம், இப்போது பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். கம்பெனி ரிப்போர்ட்டை நீங்களே வாங்கலாம். தனிநபர் ரிப்போர்ட் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா என்பதை கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பியர்ட்ஸ்லி சகோதரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடைசிக் காலம்

லூயிஸ் 1849-ல் தொழிலிலிருந்து விலகினார். டக்ளஸுக்குப் பின் 1859-ல் ராபர்ட் கிரஹாம் டன் கைக்கு வந்து, ஆர். ஜி. டன் கம்பெனி ஆனது. சின்சினாட்டியில் ஜான் பிராட்ஸ்ட்ரீட் தொடங்கிய போட்டி நிறுவனத்தோடு 1933-ல் இணைந்தது. டன்ஸ் நம்பர் 1960-களில் வந்தது. டாப்பன் என்ற பெயர் பலகையிலிருந்து எப்போதோ போய்விட்டது.

அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1846-ல் தாம் முன்னின்று தொடங்கிய அமெரிக்க மிஷனரி சங்கத்தில் மூழ்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக அந்தச் சங்கம் தெற்கில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவியது. ஃபிஸ்க், ஹாம்ப்டன் போன்ற கல்வி நிறுவனங்கள் அதில் பிறந்தவை. 1865-ல் ஆர்தர் இறந்த பிறகு, அண்ணனின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். 1873 ஜூன் 21 அன்று புரூக்ளினில் 85 வயதில் காலமானார்.

ஏஜென்சி எழுதிய பேரேடுகள் 2,500-க்கும் மேல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. தொப்பி தைத்து விற்ற பெண்கள், சின்னச் சின்ன கறுப்பின வியாபாரிகள் என்று வேறெங்கும் பெயர் பதிவாகாத பலரின் தொழில் வரலாற்றை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் ஒருநாளும் பார்க்காத பக்கங்கள் அவை.